வாசகர் கேள்வி–பதில்: பாலம் நேராகத்தான் இருக்கிறது

பத்திரிகை ஆசிரியர் இந்த மாதம் சென்னையிலிருந்து அனுப்பிவைத்த கடிதக் கட்டைப் பிரித்தால், பெரும்பாலானவை ஜூம் லென்ஸ் மீதான புகார்கள். அவற்றிலும் முக்கால்வாசி நம் ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வந்தவை. மண்டபம் ஊரில் குடியிருப்பவனிடம் பக்கத்து ஊர்க்காரர்கள் சென்னை வழியாகத் தபாலில் கேள்வி கேட்பது வேடிக்கைதான். நேரில் வந்திருந்தால் காபியாவது கிடைத்திருக்கும். லென்ஸ் வடிவமைப்பதையே பிழைப்பாக வைத்திருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆகவே இந்தப் புகார்களில் பாதிக்கு என் தொழில்காரர்கள்தான் பொறுப்பு. மீதிப் பாதிக்கு யார் பொறுப்பு என்பதைக் கீழே சொல்கிறேன்.

ஐயா, பாம்பன் சாலைப் பாலத்தில் நின்று ரயில் பாலத்தைப் படம் எடுத்தேன். 18–200 மில்லிமீட்டர் ஜூம். 18-இல் எடுத்த படத்தில் பாலம் நடுவில் தொய்ந்து தெரிகிறது. 135-இல் எடுத்ததில் நடுவில் தூக்கிக்கொண்டு தெரிகிறது. ஒரே லென்ஸ் இரண்டு விதமாகப் பொய் சொல்லுமா?
— திருமணப் படப்பிடிப்பாளர், தங்கச்சிமடம்

சொல்லும். ஜூம் லென்ஸ் என்றாலே அப்படித்தான். பாலம் நேராகத்தான் இருக்கிறது, கவலை வேண்டாம். நீங்கள் சொல்லும் 18, 135 எல்லாம் குவியத்தூரம்: எண் சிறிதானால் அகன்ற காட்சி (அகல முனை), பெரிதானால் தொலைவில் இருப்பது அருகே வரும் (தொலை முனை).

இரண்டு படங்களிலும் பாலத்தைப் படச்சட்டத்தின் கீழ் விளிம்பை ஒட்டி வைத்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். மையத்திலிருந்து தள்ளிப் போகப் போக உருப்பெருக்கம் குறைந்தால், கோட்டின் இரு முனைகளும் மையத்தை நோக்கி மேலே இழுபடும்; நடுப்பகுதி தொய்ந்ததுபோல் தெரியும். தள்ளிப் போகப் போக உருப்பெருக்கம் கூடினால் முனைகள் வெளியே போகும், நடுப்பகுதி தூக்கும். இதற்கு உருத்திரிபு என்று பெயர்.

ஒரே லென்ஸில் இரண்டும் வருவதற்குக் காரணம் உள்ளே இருக்கிறது. உங்கள் 18–200 வகை லென்ஸில் முன்னால் ஒளியைக் குவிக்கும் கண்ணாடி வில்லைகளின் குழு ஒன்று, அதன் பின்னால் ஒளியை விரிக்கும் வலுவான குழு ஒன்று, அப்புறம் ஒளி புகும் அளவைக் கட்டுப்படுத்தும் ஒளித்துளை, அதற்குப் பின்னால் மீண்டும் குவிக்கும் குழுக்கள். துளைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் விரிக்கும் குழு கோட்டைத் தொய்ய வைக்கும். குவிக்கும் குழு அதற்கு நேர்மாறு. துளையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு செல்வாக்கு. 18-இல் இரண்டு குழுக்களும் துளைக்கு வெகு தொலைவில் ஒட்டி நிற்கின்றன. விரிக்கும் குழுவின் கை ஓங்குகிறது. 135-க்கு வரும்போது விரிக்கும் குழு துளைக்கு அருகே வந்து தன் செல்வாக்கை இழந்துவிடுகிறது. முன்குழு தூரப் போய் ராஜ்யம் நடத்துகிறது. இடையில், பெரும்பாலும் 18-க்குச் சற்று மேலே, இரண்டும் சரிக்குச் சரியாக இருக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே நிறுத்தி எடுத்துப் பாருங்கள். அல்லது பாலத்தைச் சட்டத்தின் மையத்தின் வழியாகப் போகும்படி வையுங்கள். மையத்தின் வழியே போகும் கோடு எந்த லென்ஸிலும் வளையாது.

உருத்திரிபில் ஒரு நல்ல குணம்: படம் மங்குவதில்லை. ஒரு புள்ளி புள்ளியாகவே விழுகிறது, இடம் மட்டும் மாறி விழுகிறது. அதனால் கணினியில் திருத்திவிடலாம். இன்றைய மிரர்லெஸ் (உள்ளே ஆடியில்லாத) கேமராக்கள் இதை உங்களைக் கேட்காமலேயே செய்துவிடுகின்றன. அந்த நம்பிக்கையில், லென்ஸ் வடிவமைப்பவர்களும் உருத்திரிபைக் கண்டும் காணாமல் விட்டுவிட்டு, அந்தச் சலுகையை மற்றப் பிழைகளைக் குறைக்கச் செலவிடுகிறார்கள். 1963-இல் நிக்கான் வெளியிட்ட 43–86 ஜூமுக்கு அந்த வசதி கிடையாது. நேர்கோட்டை வளைப்பதில் அது பேர்போனது, ஆனாலும் நன்றாக விற்றது. கணினித் திருத்தம் கெட்ட பழக்கம் என்று என் பழைய சகாக்கள் திட்டுவார்கள். நான் திட்டமாட்டேன். ஆனால் மூலைகளை இழுத்து விரித்துத்தான் கோட்டை நேராக்குகிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். மூலையில் உள்ள மணப்பெண்ணின் சித்தி கொஞ்சம் அகலமாகத் தெரிந்தால் வீட்டில் சண்டை உங்களுக்குத்தான்.

வாலிநோக்கம் உப்பளத்தில் உப்பு அம்பாரங்களைப் படம் எடுக்கிறேன். சட்டத்தின் ஓரத்தில் உள்ள அம்பாரத்துக்கு ஒரு பக்கம் ஊதா விளிம்பும் மறுபக்கம் பச்சை விளிம்பும் வருகின்றன. துளையை எஃப் 11 வரை சுருக்கியும் போகவில்லை. லென்ஸை மாற்றிவிடலாமா?
— ஒரு வாசகர், வாலிநோக்கம்

நண்பகல் வெயிலில் வெள்ளை உப்பு, பின்னால் நீலவானம். நிறப்பிறழ்ச்சியைக் கண்டுபிடிக்க இதைவிடக் கடுமையான பரீட்சை எந்த ஆய்வகத்திலும் கிடையாது. லென்ஸ் தோற்றதில் வியப்பில்லை.

நிறப்பிறழ்ச்சி இரண்டு வகை. நீலமும் சிவப்பும் வெவ்வேறு தூரத்தில் குவிவது ஒன்று. துளையைச் சுருக்கினால் அது அடங்கும். நீலப் பிம்பமும் சிவப்புப் பிம்பமும் வெவ்வேறு அளவில் விழுவது மற்றொன்று. அது துளைக்குக் கட்டுப்படாது. நடுவில் இருக்காது, ஓரம் போகப் போகக் கூடும், ஒரே பொருளின் இரு விளிம்பிலும் எதிரெதிர் நிறம் காட்டும். உங்களுடையது இரண்டாவது.

இதைச் சரிசெய்யும் வழி பழையது. ஒரு கண்ணாடி மட்டும் இருந்தால் நிறம் பிரிந்தே தீரும். நிறத்தைக் குறைவாகப் பிரிக்கும் கிரவுன் கண்ணாடியில் குவிவில்லையும், அதிகமாகப் பிரிக்கும் ஃபிளிண்ட் கண்ணாடியில் குழிவில்லையும் செய்து ஒட்டினால், குவிக்கும் வேலை மிஞ்சும், நிறம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். 1730-களில் லண்டனில் செஸ்டர் மூர் ஹால் என்ற வழக்கறிஞர் இதைக் கண்டுபிடித்தார். ரகசியம் வெளியே போகக்கூடாது என்று இரண்டு வில்லைகளையும் இரண்டு வெவ்வேறு கடைகளில் செய்யக் கொடுத்தாராம். இரண்டு கடைக்காரர்களும் வேலையை ஒரே ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். இரண்டையும் கையில் வாங்கிய அந்த ஆள் ஒன்றன்மேல் ஒன்றை வைத்துப் பார்க்காமல் இருப்பாரா? 1758-இல் இதற்குக் காப்புரிமை வாங்கிப் பணம் பார்த்தவர் ஜான் டாலண்ட் என்ற வேறொருவர். வழக்கறிஞர்களுக்கும் இப்படி நடக்கும் என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

ஜூமில் சிக்கல் எங்கே என்றால், முன்குழு செய்த நிறத்தைப் பின்குழு துடைக்கட்டும் என்று விட முடியாது. நீங்கள் வளையத்தைத் திருப்பியதும் இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் மாறுகிறது, துடைப்பு பிசகிவிடும். ஆகவே நகரும் ஒவ்வொரு குழுவும் தன் நிறத்தைத் தானே அடக்கிக்கொண்டாக வேண்டும். ஒவ்வொரு குழுவிலும் குறைந்தது ஒரு குவிவும் ஒரு குழிவும் வேண்டியிருப்பதும், லென்ஸ் கனப்பதும், விலை ஏறுவதும் பெரும்பாலும் இதனால்தான்.

அப்படியும் முழுவதும் போகாது. இரண்டு நிறங்களை ஓரிடத்தில் சேர்த்தால் மூன்றாவது, வழக்கமாக ஊதா, விலகி நிற்கும். அதற்குத்தான் விசேஷக் கண்ணாடிகள். நிறத்தைப் பிரிப்பதில் எவ்வளவு அடக்கமானது என்பதை ஆபே எண்ணால் குறிப்பார்கள். எண் கூடினால் அடக்கம் கூடுதல். சாதாரணக் கிரவுனுக்கு 64, ஃபிளிண்டுக்கு 36 அளவில். ஃப்ளோரைட் என்ற படிகத்துக்கு 95. எர்ன்ஸ்ட் ஆபே 1880-களிலேயே நுண்ணோக்கிகளில் இயற்கை ஃப்ளோரைட்டைப் பயன்படுத்தினார். கேமராவுக்கு வேண்டிய அளவில் குறையில்லாத கல் கிடைப்பது அரிது. படிகத்தைச் செயற்கையாக வளர்த்து 1969-இல் 300 மில்லிமீட்டர் லென்ஸில் பொருத்தி விற்றது கேனன். இப்போதைய நல்ல தொலைவு ஜூம்கள் பலவற்றில் ஃப்ளோரைட்டோ, அதை ஒத்த இ.டி. கண்ணாடியோ இரண்டு மூன்று வில்லைகளாவது இருக்கும்.

லென்ஸை மாற்ற வேண்டாம். நிறப்பிம்பங்களின் அளவு வேறுபாட்டைக் கணினி சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகச் சற்றே பெரிதாக்கிச் சிறிதாக்கிச் சரிசெய்துவிடும். ரா கோப்பாக (கேமரா திருத்தாத மூலப் படமாக) எடுத்து, படம் திருத்தும் மென்பொருளில் நிறப்பிறழ்ச்சி நீக்கும் பெட்டியில் ஒரு டிக் போடுங்கள். அவ்வளவுதான்.

ஜூம் லென்ஸை எப்படி வடிவமைக்கிறார்கள்? பிழைகளை எப்படிக் குறைக்கிறார்கள்? பாடப்புத்தகத்தில் இரண்டு வில்லைகளோடு நிறுத்திவிட்டார்கள்.
— இயற்பியல் மாணவர், ராமநாதபுரம்

தம்பி, கேள்வி இரண்டு வரி. பதிலுக்கு ஒரு புத்தகமே வேண்டும். முடிந்தவரை சுருக்குகிறேன்.

என் மேசையில் ஒரு பழைய ஜூம் பிரித்துக் கிடக்கிறது. தனுஷ்கோடி மணலில் விழுந்து உயிரை விட்டது. ரப்பர் வளையத்தைக் கழற்றினால் உள்ளே ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு அலுமினியக் குழாய்கள். உள்குழாயில் நேரான பள்ளங்கள். வெளிக்குழாயில் இரண்டு வளைந்த பள்ளங்கள். ஒன்று ஒரே சீராகச் சரிந்து போகிறது. மற்றொன்று வில்போல் முன்னால் போய், வளைந்து, புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே திரும்பி வந்து நிற்கிறது. வில்லைக் குழுக்களில் பதித்த சிறு பித்தளை முளைகள் இந்தப் பள்ளங்களில் ஓடுகின்றன. வளைந்த பள்ளத்தின் நடுவில் கறுத்த கிரீஸோடு நாலைந்து மணல் துகள்கள் ஒட்டியிருக்கின்றன; அவை போன வழியெல்லாம் வெள்ளைக் கீறல்.

அந்த இரண்டு பள்ளங்களில்தான் ஜூமின் முழு ரகசியமும் இருக்கிறது. சரிந்து போகும் பள்ளம் மாற்றுக் குழுவுக்கு. அது நகரும்போதுதான் உருப்பெருக்கம் மாறுகிறது. அந்தக் குழுவின் உருப்பெருக்கம் அரையிலிருந்து இரண்டுக்குப் போனால் உங்களுக்கு நான்கு மடங்கு ஜூம். இரண்டு முனைகளிலும் பிம்பம் ஒரே இடத்தில் விழும். கணக்குப் போட்டுப் பாருங்கள், சமச்சீர் தானாக வரும். ஆனால் நடுவழியில், உருப்பெருக்கம் ஒன்றாக இருக்கும்போது, பிம்பம் விலகிவிடுகிறது. குழுவின் குவியத்தூரம் 20 மில்லிமீட்டர் என்றால் விலகல் 10 மில்லிமீட்டர். அந்த விலகலை ஈடுகட்ட இன்னொரு குழு போய்த் திரும்ப வேண்டும். அதற்குத்தான் வில் வடிவப் பள்ளம்.

இந்தப் பள்ளத்தைத் துல்லியமாக வெட்டுவது ஒரு காலத்தில் பெரிய தலைவலி. ஜூமுக்கான காப்புரிமை 1902-லேயே அமெரிக்காவில் கிளைல் ஆலன் என்பவருக்குக் கிடைத்துவிட்டது. 1932-இல் இங்கிலாந்தில் குக் வேரோ என்ற 40–120 மில்லிமீட்டர் திரைப்பட ஜூம் வந்தது. வியன்னாவில் பிறந்து நியூயார்க்குக்குப் போன ஃபிராங்க் பேக், வளைந்த பள்ளமே வேண்டாம் என்று குழுக்களை ஒன்றாகப் பிணைத்து ஒரே அசைவில் நகர்த்தினார். அந்த வழியில் பிம்பம் சில இடங்களில் மட்டும் துல்லியமாக நிற்கும், இடையில் கொஞ்சம் ஆடும். 1959-இல் ஃபோக்ட்லேண்டர் நிறுவனம் வெளியிட்ட அவரது ஜூமார், 36–82 மில்லிமீட்டர், எஃப் 2.8, 35 மில்லிமீட்டர் நிழற்படக் கேமராவுக்கு வந்த முதல் ஜூம், 14 வில்லைகள். பிரான்சில் பியேர் ஆஞ்சனியூ 1956-இலேயே வளைந்த பள்ளத்தின் பக்கம் நின்று ஒரு 17–68 திரைப்பட ஜூம் செய்திருந்தார். அவர் கட்சிதான் கடைசியில் வென்றது.

இதுவரை சொன்னது பிம்பம் எங்கே விழும் என்ற கதை. அது எப்படி விழும் என்பதில்தான் எங்கள் சம்பளம். 1850-களில் ஜெர்மனியின் லுட்விக் சைடல் ஒற்றை நிறத்திலேயே ஐந்து பிழைகள் உண்டு என்று கணக்கிட்டு வகுத்தார். விளிம்புக் கதிர் நடுக் கதிரைவிட முன்னதாகக் குவிவது கோளப்பிறழ்ச்சி. ஓரத்துப் புள்ளி வால் முளைத்து விழுவது கோமா. நெடுக்கும் குறுக்கும் வெவ்வேறு தூரத்தில் குவிவது அஸ்டிக்மாடிசம். தட்டையான பொருளின் பிம்பம் கிண்ணம்போல் வளைவது புலவளைவு. ஐந்தாவது, பாம்பன் பாலத்தை வளைத்த உருத்திரிபு.

எந்தப் பிழையையும் அழிக்க முடியாது, தம்பி. எதிர்ப்பிழை ஒன்றை உண்டாக்கி மோதவிடத்தான் முடியும். தொண்டிப் பக்கம் பாய்மரப் படகுப் போட்டி பார்த்திருப்பீர்கள். காற்று படகை ஒரு பக்கம் சாய்க்கும், ஆட்கள் மறுபக்கம் நீண்ட பலகையில் ஏறி நின்று எடை கொடுப்பார்கள். நிலையான குவியத்தூர லென்ஸில் காற்று ஒரே வேகத்தில் அடிக்கிறது; ஆளை ஒரு முறை நிறுத்தினால் போதும். ஜூமில் வளையத்தின் ஒவ்வொரு அசைவுக்கும் காற்று மாறுகிறது, ஆட்களோ முன்பே வெட்டிவைத்த பள்ளத்தில் மட்டும்தான் நகர முடியும்.

ஆகவே முதல் விதி: ஒவ்வொரு குழுவையும் தன்னளவில் கூடியவரை யோக்கியமாக ஆக்கு. இரண்டாவது: மிச்சப் பிழையை அகல முனை, நடு, தொலை முனை மூன்றிலும் பார், ஒன்றில் சுத்தமாகி இன்னொன்றில் நாறுவதைவிட மூன்றிலும் கொஞ்சம் இருக்கட்டும். மூன்றாவதுதான் வயிற்றெரிச்சல். வாடிக்கையாளர் லென்ஸ் குட்டையாக வேண்டும் என்பார். குட்டையாக்கக் குழுக்களின் ஒளியை வளைக்கும் திறனைக் கூட்ட வேண்டும். திறன் கூடினால் வளைவு கூடும். வளைவு கூடினால் கதிர்கள் பரப்பில் சாய்ந்து விழும். சாய்ந்து விழுந்தால் பிழை கொழுக்கும். அதை அடக்கத் திறனைப் பல வில்லைகளுக்குப் பங்கிடுவோம். லென்ஸ் மறுபடி நீளும். இந்தச் சுழலிலிருந்து தப்பக் கோளமல்லாத வடிவில் வார்த்த வில்லை ஒன்றைப் போடலாம், அது இரண்டு மூன்று சாதாரண வில்லைகளின் வேலையைச் செய்யும். கணக்குத் துறைக்காரர் அப்போதுதான் அறைக்குள் வருவார்.

கதிர்களைக் கணக்கிடும் வேலை எவ்வளவு என்று கேட்காதீர்கள். 1840-இல் வியன்னாவில் பெட்ஸ்வால் தன் உருவப்பட லென்ஸுக்காகப் பீரங்கிப் படையிலிருந்து கணக்குத் தெரிந்த வீரர்களை இரவல் வாங்கினார். அந்த லென்ஸில் இருந்தது நான்கே வில்லைகள். ஒரு ஜூமில் இருபது வில்லை, நாற்பது பரப்பு. ஐந்து ஜூம் நிலை, ஐந்து கோணம், மூன்று நிறம் என்று பெருக்கி, ஒவ்வொன்றுக்கும் ஐம்பது கதிர் விட்டால், ஒரு முறை மதிப்பிட 3,750 கதிர்கள். ஒரு வளைவை இம்மியளவு மாற்றினால் மறுபடி முதலிலிருந்து. கணினி வந்த பிறகுதான் நல்ல ஜூம்கள் பெருகின. ஆனால் கணினிக்கு முன்யோசனை கிடையாது. பிழை குறையும் திசையில் அது பாட்டுக்குப் போய், ஒரு சுமாரான இடத்தில் உட்கார்ந்துகொண்டு “இதுதான் சிறந்தது” என்று சாதிக்கும். எங்கிருந்து தொடங்குவது, எந்தக் கண்ணாடியை எடுப்பது, எப்போது எல்லாவற்றையும் கலைத்துவிட்டு ஒரு குழுவை இரண்டாகப் பிளப்பது என்பதெல்லாம் மனிதன் வேலை.

ஆர்வம் இருந்தால் ஒட்டுவில்லை ஒன்றின் வழியே மூன்று கதிர்களை ஸ்னெல் விதியைக் கொண்டு கையால் கணக்கிடுங்கள். எந்தப் பரப்பில் பிழை பிறக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். ஆசிரியரிடம் கேட்டால் பாடத்திட்டத்தில் இல்லை என்பார். இருக்கட்டும்.

தனுஷ்கோடியில் பூநாரைகளை 600 மில்லிமீட்டர் ஜூமில் எடுத்தேன். ஒரு படம்கூடத் தெளிவாக இல்லை. தொலை முனையில் பிறழ்ச்சி அதிகம் என்று இணையத்தில் சொல்கிறார்கள். உண்மையா?
— பறவை நோக்கர், ராமேஸ்வரம்

எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்று எழுதவே இல்லை. பதினொன்றுக்கு மேல் என்று பந்தயம் கட்டுகிறேன்.

தொலை முனையில் மிச்சப் பிழை சற்றுக் கூடுதல் என்பது பல ஜூம்களுக்கு உண்மைதான். ஆனால் உங்கள் படத்தைக் கெடுத்தது அதுவாக இருக்காது. சுட்ட மணலின் மேல் சூடான காற்று, பக்கத்தில் குளிர்ந்த நீர். இரண்டும் கலந்து அலையும் முந்நூறு மீட்டர் காற்றின் வழியாகப் படம் எடுக்கிறீர்கள். அந்தக் காற்றும் ஒரு லென்ஸ்தான், அதை யாரும் வடிவமைக்கவில்லை. சோதிப்பது எளிது. கேமராவை முக்காலியில் வைத்து, அசையாமல் நிற்கும் பறவையைத் தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுங்கள். லென்ஸின் பிழை என்றால் பத்திலும் ஒரே மாதிரி மங்கியிருக்கும். கால் ஒரு படத்தில் வளைந்து, அடுத்ததில் தடித்து, அதற்கடுத்ததில் கொஞ்சம் தெளிந்தால், அது காற்று. விடியற்காலையில் போங்கள். எஃப் 8 வையுங்கள். கோளப்பிறழ்ச்சியின் மங்கல் துளை அகலத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும், எஃப் 5.6-இலிருந்து எஃப் 8-க்கு ஒரு படி சுருக்கினாலே மூன்றில் ஒரு பங்காகிவிடும். அதே உற்சாகத்தில் எஃப் 22 வரை போக வேண்டாம். அங்கே ஒளியின் விளிம்பு விளைவே படத்தை மங்க வைக்கும். பறவைகளை நெருங்கிக் கிளப்பிவிடவும் வேண்டாம்.

என் தொலை லென்ஸில் குவிய வளையம் முடிவிலிக் குறியையும் தாண்டிச் சுழல்கிறது. கோளாறா?
— மண்டபம் வாசகர்

கோளாறு இல்லை. நம் வெயிலில் குழாய் விரியும், கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணும் மாறும். முடிவிலி இருக்கும் இடமே சற்று நகரும். அதற்காக விட்ட இடம் அது. நீங்கள் செய்வது என்னவென்றால், தொடுவானத்துக் கப்பலை எடுக்க வளையத்தைக் கடைசிவரை திருப்பிவிடுகிறீர்கள், கப்பல் மங்குகிறது. திரையில் பெரிதாக்கிப் பார்த்துக் குவியுங்கள். நீங்கள் மண்டபம்தானே, லென்ஸை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வரலாம்.

உப்புக் காற்றுக்குப் பயந்து முன்னால் யு.வி. ஃபில்டர் மாட்டியிருக்கிறேன். லென்ஸின் தரம் குறையுமா?
— ஒரு வாசகி, கீழக்கரை

மாட்டுங்கள் சகோதரி, ஆனால் ஒளி திரும்பி எதிரொளிப்பதைக் குறைக்கும் பூச்சுள்ளதாக மாட்டுங்கள். பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். நிக்கானின் 200–500 ஜூமில் 19 வில்லைகள் 12 தொகுதிகளாக இருக்கின்றன; காற்றைத் தொடும் பரப்பு 24. பூச்சே இல்லையென்றால் ஒளியில் 37 சதவீதம்தான் கடைசிவரை வந்து சேரும். திருப்பி அனுப்பிய ஒளி உள்ளேயே சுற்றிப் படத்தை வெளிற வைக்கும். 1935-இல் ஜெர்மனியில் ஸைஸ் நிறுவனத்தின் ஸ்மகுலா பூச்சு முறையைக் கண்டுபிடித்திராவிட்டால் இத்தனை வில்லைகளை அடுக்க எங்களுக்குத் துணிவே வந்திருக்காது. அவ்வளவு பாடுபட்டுப் பூச்சுப் பூசிய 24 பரப்புகளின் முன்னால், நடைபாதைக் கடையில் வாங்கிய ஜன்னல் கண்ணாடியை மாட்டாதீர்கள். சாயங்காலச் சூரியனை நேராக எடுக்கும்போது ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். உப்பு படிந்தால் உலர்ந்த துணியால் தேய்க்க வேண்டாம். ஈரத்தால் கரைத்துத் துடையுங்கள்.

கைப்பேசியில் இத்தனை வில்லை இல்லை, ஆனாலும் படம் நன்றாக வருகிறதே?
— சாயல்குடி வாசகர்

லென்ஸைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கினால் பிழையும் பத்தில் ஒன்றாகச் சுருங்கும். மிச்சத்தைக் கோளமல்லாத பிளாஸ்டிக் வில்லைகளும் கணினியும் பார்த்துக்கொள்கின்றன. பெரும்பாலான கைப்பேசிகளில் ஜூம் என்பது ஒரு கேமராவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதும் இடையில் வெட்டிப் பெரிதாக்குவதும்தான். பூநாரையை அதில் எடுத்துப் பாருங்கள், வித்தியாசம் புரியும்.

70–200 ஜூமில் எஃப் 2.8 மட்டும் ஏன் இத்தனை விலை?
— தொண்டி வாசகர்

குவியத்தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் துளையின் அகலம்: 200-ஐ 2.8-ஆல் வகுத்தால் 71 மில்லிமீட்டர்; 5.6-ஆல் வகுத்தால் 36. துளை இரண்டு மடங்கானால் கோமா நான்கு மடங்கு, கோளப்பிறழ்ச்சி எட்டு மடங்கு. அந்த எட்டை ஒன்றாக்கும் செலவைத்தான் உங்களிடம் வாங்குகிறார்கள். இரவில் நடக்கும் விழாக்களுக்கு வேண்டுமானால் வாங்குங்கள். பகலில் வல்லம் படகுகளை எடுக்க வீண்.

வல்லத்திலிருந்து இறங்கும்போது லென்ஸ் கை தவறிப் பலகையில் விழுந்தது. வெளியே கீறல்கூட இல்லை. ஆனால் அதிலிருந்து படத்தின் இடப்பக்கம் மட்டும் மங்குகிறது. பழுதுபார்க்கும் கடையில் “கடற்காற்று உள்ளே போய்விட்டது, சுத்தம் செய்தால் சரியாகிவிடும்” என்று சொல்லிப் பணம் வாங்கினார்கள். சரியாகவில்லை.
— ஏர்வாடி வாசகர்

கடற்காற்று இடப்பக்கம் மட்டும் பார்த்து உட்காராது.

வடிவமைப்பில் எல்லா வில்லைகளின் மையங்களும் ஒரே அச்சில் இருப்பதாக வைத்துத்தான் பிழைகளை மோதவிட்டிருக்கிறோம். ஒரு குழு நூறில் சில பங்கு மில்லிமீட்டர் ஒதுங்கினாலோ சற்றே சாய்ந்தாலோ அந்த ஏற்பாடு குலைந்துவிடும். படத்தின் நடுவிலேயே கோமா எட்டிப் பார்க்கும், ஒரு பக்கம் முன்னால் குவியும், மறுபக்கம் பின்னால். ஜூமில் நகரும் குழுக்கள் முளைகளைப் பிடித்துக்கொண்டு தொங்குவதால், விழுந்தால் முதலில் அடிவாங்குவது அவைதான்.

உறுதிசெய்ய ஆய்வகம் வேண்டாம். தொலைவில் ஒரே தூரத்தில் வரிசையாக நிற்கும் பனைகளைப் பாருங்கள், நம் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. காலையில் முக்காலி வைத்து, துளையை முழுவதும் திறந்து, வரிசை சட்டத்தின் நடுவில் இரு ஓரம்வரை நிற்கும்படி ஒரு படம் எடுங்கள். அப்புறம் கேமராவைத் தலைகீழாகப் பிடித்து அதே பனைகளை மறுபடி குவித்து எடுங்கள். முதல் படத்தில் மங்கிய பனை இப்போது தெளிந்து, தெளிந்திருந்த பனை மங்கினால், குற்றம் கேமராவிலோ லென்ஸிலோதான். வேறு லென்ஸை மாட்டி எடுத்துப் பார்த்தால் கேமரா நிரபராதியா என்பதும் தெரிந்துவிடும். பிறகு ஜூமை அகல முனை, நடு, தொலை முனை என்று வைத்து இதையே செய்யுங்கள். ஒரு முனையில் மட்டும் மங்கினால் நகரும் குழுக்களில் ஒன்று சாய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். எல்லா இடத்திலும் ஒரே அளவு மங்கினால் கேமராவில் பொருந்தும் உலோக வளையத்தையும் கடைசிக் குழுவையும் சந்தேகப்படுங்கள்.

நீங்களே திருகாணியைத் தொடாதீர்கள். வில்லைக் குழுக்களின் அடியில் காகிதம்போல் மெல்லிய உலோகத் தகடுகளை வைத்துத்தான் தொழிற்சாலையில் சாய்வைச் சரிசெய்திருப்பார்கள். எது எங்கே இருந்தது என்று குறித்துக்கொள்ளாமல் கழற்றினால் அத்தோடு முடிந்தது. அச்சுச் சீரமைக்கும் கருவி வைத்திருக்கும் பணிமனைக்கே அனுப்புங்கள். தலைகீழ்ச் சோதனைப் படங்களையும் கூடவே அனுப்புங்கள். வேலை முடிந்ததும் அதே சோதனையை அவர்கள் கண்முன் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அங்கேயும் கடற்காற்றைப் பற்றிப் பேசினால், லென்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.